‘பூஞ்சையாக இருக்குமா, டாக்டர்?’



ஐப்பசியில் அடைமழை பிடித்தால் வீட்டில் எதெதிலெல்லாம் பூசணம் பிடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குளியலறைச் சுவர், பீரோவுக்குள் தொங்கும் தோல் பை, ஈரக் கரண்டி பட்ட ஊறுகாய், வாங்கி நாலு நாளான ரொட்டி. துடைக்கிறோம், வெயிலில் காய வைக்கிறோம், தூக்கிப் போடுகிறோம். ஆனால் அந்தப் பூசணம் காற்றில் விட்ட வித்துகளை யாரும் துடைக்க முடியாது. ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் என்ற பூஞ்சையின் வித்து, ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் இரண்டு மூன்று பங்கு அகலம் மட்டுமே. மூக்கு ரோமத்துக்கும் தொண்டைச் சளிக்கும் அகப்படாமல், நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்ச் சேர அது போதும். மழைக்காலம், கோடைக்காலம் என்றில்லை. குப்பை மேட்டில், வைக்கோல் போரில், எரு குழியில், இடிக்கும் கட்டடத்தின் தூசியில் எப்போதும் இருக்கிறது. நாம் ஒவ்வொருவரும் தினமும் நூற்றுக்கணக்கில் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

இழுத்தும் நமக்கு ஒன்றும் ஆவதில்லை. காற்றறைகளில் ரோந்து சுற்றும் அணுக்கள் வந்த வித்தை விழுங்கிவிடுகின்றன. தப்பி முளைவிட்டதை ரத்தத்திலிருந்து ஓடி வரும் வெள்ளை அணுக்கள் சூழ்ந்து அழிக்கின்றன. இத்தனையும் நமக்கே தெரியாமல் நடந்து முடிகிறது.

இந்த இதழில் நான் உங்களோடு பேச விரும்புவது, அந்தக் காவல் தளர்ந்துபோனவர்களைப் பற்றி. நம் மருத்துவப் பகுதிக்கு வரும் கடிதங்களில் ஒரு சாயல் திரும்பத் திரும்பத் தென்படுகிறது. “நிமோனியா என்றார்கள், நாளுக்கு மூன்று ஊசி போட்டார்கள், காய்ச்சல் இறங்கவில்லை. வேறு ஊருக்குக் கொண்டுபோன பிறகுதான் பூஞ்சை என்று சொன்னார்கள். நுரையீரலில் பூஞ்சை வரும் என்று அதுவரை நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை.” எழுதுகிறவர் மகளாக இருக்கலாம், மனைவியாக இருக்கலாம். கடைசி வரி மட்டும் மாறுவதில்லை. அந்த வரியை இனி யாரும் எழுதவேண்டி வரக்கூடாது என்பதற்காகவே இந்தப் பக்கம்.

யாருக்கெல்லாம் காவல் தளர்கிறது? ரத்தப் புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவர்கள், எலும்பு மஜ்ஜையோ சிறுநீரகமோ மாற்றிக்கொண்டவர்கள், முடக்குவாதத்துக்கும் லூபஸுக்கும் நோய் எதிர்ப்பை அடக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள், ஆஸ்துமாவுக்கோ தோல் வியாதிக்கோ மாதக்கணக்கில் ஸ்டீராய்டு எடுப்பவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள், கட்டுக்குள் வராத சர்க்கரை நோயாளிகள். உங்கள் குடும்பத்தில் இவர்களில் ஒருவராவது இருப்பார். ஐம்பது வருடங்களுக்கு முன் இவர்களில் பலர் பிழைத்தே இருக்க மாட்டார்கள். மருத்துவம் இவர்களைப் பிழைக்க வைத்தது. அந்தப் பிழைப்புக்கு மேல் வந்து விழும் ஆபத்தையும் அதே அக்கறையோடு தடுக்க வேண்டாமா?

தடுக்க முடியும் என்பதற்கு நான் அறிந்த மிக நல்ல உதாரணம் நியூமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சையின் கதை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1909-ல் பிரேசிலில் கார்லோஸ் சாகாஸ் இதை முதலில் பார்த்தபோது, தான் ஆராய்ந்துகொண்டிருந்த வேறொரு ஒட்டுண்ணியின் ஒரு பருவம் என்றே நினைத்தார். இரண்டாம் உலகப்போரை ஒட்டி ஐரோப்பாவின் அனாதை இல்லங்களில், குறைமாதத்தில் பிறந்த, பால் போதாத கைக்குழந்தைகள் ஒரு விநோதமான நிமோனியாவில் கொத்தாக இறந்தார்கள். 1950-களின் தொடக்கத்தில் செக் நாட்டின் ஓட்டோ யீரோவெட்ஸும் அவருடன் பணிபுரிந்தவர்களும் அதற்குக் காரணம் இந்தக் கிருமிதான் என்று காட்டினார்கள். இன்று அதன் பெயரில் அவர் பெயரும் சேர்ந்திருக்கிறது. இது பூஞ்சை இனத்தைச் சேர்ந்தது என்று மரபணு ஆய்வு சொன்னது 1988-ல்தான். அதற்கு வெகு முன்பே, 1977-ல், அமெரிக்காவில் மெம்ஃபிஸ் நகரத்து செயின்ட் ஜூட் குழந்தைகள் மருத்துவமனையில் வால்டர் ஹியூஸ் என்ற மருத்துவர் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தைகளில் 80 பேருக்கு கோட்ரிமாக்ஸசோல் என்ற சாதாரண மருந்து, இன்னொரு 80 பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 17 பேருக்கு இந்த நிமோனியா வந்தது. மருந்து சாப்பிட்டவர்களில் ஒருவருக்குக்கூட வரவில்லை.

பிறகு 1981. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் சாண்ட்ரா ஃபோர்ட் என்ற பெண் மருந்து வழங்கும் பணியில் இருந்தார். நியூமோசிஸ்டிஸுக்கான பென்டமிடின் என்ற அரிய மருந்து அப்போது அந்த மையத்திலிருந்து மட்டுமே கிடைத்தது. யாராவது கேட்டால் நோயாளிக்குப் புற்றுநோயா, உறுப்பு மாற்றமா என்று விவரம் எழுதித்தான் வாங்க வேண்டியிருந்தது. அந்த வசந்தத்தில் எந்தக் காரணமும் எழுத முடியாத இளைஞர்களுக்காக அந்த மருந்தை மருத்துவர்கள் மீண்டும் மீண்டும் கேட்பதை அவர் கவனித்தார். மேலதிகாரிக்கு எழுதினார். ஜூன் 5-ந் தேதி அந்த மையத்தின் வார அறிக்கையில், லாஸ் ஏஞ்சலஸில் நன்றாக இருந்த ஐந்து இளைஞர்களுக்கு இந்த நிமோனியா வந்ததாகச் செய்தி வெளியானது. அதற்குள் இருவர் இறந்திருந்தார்கள். எய்ட்ஸ் பற்றி உலகம் படித்த முதல் மருத்துவக் குறிப்பு அதுதான். ஒரு கொள்ளைநோயே நுரையீரல் பூஞ்சையின் வழியாகத்தான் வெளியே தெரிந்தது. அதைக் கண்டவர்களின் வரிசையில், படிவங்களை ஒழுங்காகப் படித்த ஒரு ஊழியர் இருந்தார் என்பதை நான் மிகுந்த மரியாதையோடு நினைக்கிறேன்.

1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் குழுவினரும் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தார்கள். அதன்பின் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை, நாட்டிலேயே பெரிய எச்.ஐ.வி. சிகிச்சை மையங்களில் ஒன்றாக வளர்ந்தது. நம் ஊரில் எச்.ஐ.வி. நோயாளிகளை அதிகம் வாட்டியது காசநோய்தான். ஆனால் எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சி.டி.4 அணுக்களின் எண்ணிக்கை 200-க்குக் கீழே இறங்கியவர்களை நியூமோசிஸ்டிஸும் விட்டுவைக்கவில்லை. வறட்டு இருமல், படியேறினால் இரைப்பு, நாளுக்கு நாள் கூடும் மூச்சுத் திணறல் என்று மெதுவாக வரும். அதைத் தடுப்பது மெம்ஃபிஸ் குழந்தைகளைக் காத்த அதே மாத்திரை. மிக மலிவானது. அரசின் எச்.ஐ.வி. சிகிச்சைக்கான ஏ.ஆர்.டி. மையங்களில் இலவசம். உறுப்பு மாற்றம் செய்தவர்களுக்கும், அதிக அளவில் ஸ்டீராய்டு எடுப்பவர்களில் பலருக்கும் இதே தடுப்பு மருந்தை மருத்துவர்கள் தருகிறார்கள். “இது எதற்கு, எனக்குச் சளிகூட இல்லையே” என்று அதைப் பாதியில் நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். அது வேலை செய்வதால்தான் உங்களுக்குச் சளி இல்லை.

ஆஸ்பெர்ஜில்லஸ் இவ்வளவு எளிதில் வழிக்கு வருவதில்லை. ரத்தப் புற்றுநோய்க்குக் கீமோ கொடுத்த பிறகு, சில வாரங்கள் வெள்ளை அணுக்கள் ஏறக்குறைய பூஜ்யமாகிவிடும். அந்த இடைவெளியில் காற்றறையில் விழுந்த வித்து முளைத்து, இழை இழையாகப் பின்னி, ரத்தக் குழாயின் சுவரையே துளைத்துக்கொண்டு போகும். வெளியே தெரிவது காய்ச்சல் மட்டும். மூன்று நாள், நான்கு நாள், வலுவான ஆன்டிபயாடிக் ஏறிக்கொண்டிருக்கும், காய்ச்சல் அசையாது. எக்ஸ்ரேயில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. சி.டி. ஸ்கேனில் ஒரு சிறு கட்டியும் அதைச் சுற்றி மங்கலான வளையமும் தெரியலாம். ரத்தத்திலோ, நுரையீரலைக் கழுவி எடுத்த நீரிலோ பூஞ்சைச் சுவரின் சர்க்கரைப் பொருளைத் தேடும் கேலக்டோமன்னன் பரிசோதனை இருக்கிறது. இவை எல்லாம் முடிந்து உறுதியாகும் வரை காத்திருக்காமல், சந்தேகம் வலுத்தவுடனே மருந்தைத் தொடங்கிவிடுவதுதான் இன்று பெரிய மையங்களின் வழக்கம். 2002-ல் வெளியான ஒரு பெரிய ஒப்பீட்டு ஆய்வில், வோரிகோனசோல் என்ற மருந்தோடு சிகிச்சையைத் தொடங்கியவர்களில் நூற்றுக்கு 71 பேர் பன்னிரண்டாவது வாரத்தில் உயிரோடிருந்தார்கள். பழைய ஆம்போடெரிசினோடு தொடங்கியவர்களில் 58 பேர். அந்தப் பதின்மூன்று பேரின் வித்தியாசத்தை நான் எண்ணாகப் பார்ப்பதில்லை.

மருத்துவமனைக்குள்ளேயே கட்டட வேலை நடந்தால் அந்தத் தூசியோடு ஆஸ்பெர்ஜில்லஸ் வார்டுக்குள் புகுந்து பலரைப் பாதித்த நிகழ்வுகள் உலகெங்கும் பதிவாகியிருக்கின்றன. மஜ்ஜை மாற்று அறைகளில் காற்றை வடிகட்டி அனுப்புவதும், பூச்செண்டையும் பூந்தொட்டியையும் வாசலிலேயே நிறுத்துவதும் இதற்காகத்தான். பார்க்கப் போகும் நமக்குச் சங்கடமாக இருக்கும். பொறுத்துக்கொள்வோம்.

இனி, தமிழ்நாட்டு வாசகர்கள் கூடுதல் கவனத்தோடு படிக்க வேண்டிய பகுதிக்கு வருகிறேன். காசநோயை வென்றவர்களைப் பற்றியது.

சானடோரியத்தில் படுக்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தபடியே மாத்திரை சாப்பிட்டுக் காசநோயைக் குணப்படுத்தலாம் என்று 1950-களின் கடைசியில் உலகுக்கு நிரூபித்துக் காட்டியது சென்னை. சேத்துப்பட்டில் நடந்த அந்த ஆய்வு உலகெங்கும் சிகிச்சை முறையை மாற்றியது. லட்சக்கணக்கானோர் பிழைத்தார்கள். ஆனால் கிருமி செத்த பிறகும், அது அரித்த குழி நுரையீரலில் அப்படியே நின்றுவிடுவதுண்டு. காற்றோட்டம் குறைந்த, ரத்த அணுக்கள் எளிதில் எட்டாத அந்தக் குழியில் ஆஸ்பெர்ஜில்லஸ் குடியேறுகிறது. இழைகளும் சளியும் சேர்ந்து உருண்டையாகத் திரள்கின்றன. பூஞ்சை சுற்றியுள்ள சதையைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கிறது. இது வர எதிர்ப்புச் சக்தி அடியோடு போயிருக்க வேண்டும் என்பதில்லை. நுரையீரல் சிதைந்திருந்தாலே போதும். சர்க்கரையும் சேர்ந்துகொண்டால் உடம்புக்கு எதிர்க்கும் வலு இன்னும் குறையும்.

ஆரம்பத்தில் இளைப்பு, சோர்வு, இருமல். ஒருநாள் இருமலில் ரத்தம். பார்த்தவுடன் எல்லோர் வாயிலும் வருவது ஒரே சொல்: “டி.பி. திரும்பிவிட்டது.” சளியைச் சோதித்தால் காசநோய்க் கிருமி இல்லை. இருந்தும், எக்ஸ்ரேயில் குழி தெரிகிறதே என்று மறுபடி ஆறு மாத மருந்து. சிலருக்கு அதற்கும் பிறகு இன்னொரு முறை. உள்ளே பூஞ்சை தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். இப்படி வருடங்களை இழந்தவர்களைப் பற்றி எழுதும்போது எனக்கு மனம் ஆறவில்லை. ஏனென்றால் இதைக் கண்டுபிடிக்கும் வழி எட்டாத இடத்தில் இல்லை. ஒரு சி.டி. ஸ்கேனும், ஆஸ்பெர்ஜில்லஸுக்கு எதிரான ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்பொருளின் அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையும் பெரும்பாலும் விடை சொல்லிவிடும். இட்ரகோனசோல் போன்ற மாத்திரையைக் குறைந்தது ஆறு மாதம் சாப்பிட வேண்டியிருக்கும். சிலருக்கு அறுவைச் சிகிச்சை கைகொடுக்கும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், இட்ரகோனசோலின் அளவை ரத்தத்தில் பெருமளவு குறைத்துவிடும். இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுகிறவர் மருந்து சாப்பிட்டும் சாப்பிடாதவர் மாதிரிதான். எந்த மருத்துவரிடம் போனாலும், சாப்பிடும் மாத்திரைகள் அத்தனையையும் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

2021-ஐ நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கொரோனா இரண்டாம் அலையோடு வந்த கறுப்புப் பூஞ்சை, அதாவது மியூகர், அந்த ஜூலைக்குள் நாடு முழுவதும் 45,000-க்கும் அதிகமானோரைத் தாக்கியது. 4,300-க்கும் மேற்பட்டோர் இறந்ததாக அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. மூக்கும் கண்ணும் பாதிக்கப்பட்டவர்களின் படங்களையே நாம் அதிகம் பார்த்தோம். நுரையீரலில் வரும் மியூகரும் உண்டு, அது இன்னும் கொடியது. பழைய ரொட்டியில் நாம் பார்க்கும் பூசணத்தின் நெருங்கிய உறவுதான் அது. கட்டுமீறிய சர்க்கரையும், அளவுக்கு மீறிய ஸ்டீராய்டும் அதற்கு வழி திறந்தன. அலை ஓய்ந்துவிட்டது, அந்த இரண்டும் ஓயவில்லை. பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் ஸ்டீராய்டு வாங்கி மூட்டுவலிக்கும் இரைப்புக்கும் விழுங்குவது இன்றும் நடக்கிறது. உடனே சுகம் கிடைப்பதால் அது நல்ல மருந்து என்று பெயரெடுத்துவிடுகிறது. அதேசமயம், இதைப் படித்துப் பயந்து, நாட்பட எடுத்துவரும் ஸ்டீராய்டை யாரும் திடீரென நிறுத்திவிடக் கூடாது. அதுவும் உயிருக்கு ஆபத்து. குறைப்பதானாலும் மருத்துவர் சொல்லும் கணக்கில்தான் குறைக்க வேண்டும்.

பூஞ்சைக்கு மருந்துகள் ஏன் இவ்வளவு குறைவு என்று சிலர் கேட்டிருந்தீர்கள். பாக்டீரியாவின் உடலமைப்பு நம்முடையதிலிருந்து வெகு தூரம். பூஞ்சை அப்படியல்ல. உயிர்க்குலத்தில் அது செடிகொடியைவிட நமக்கே நெருங்கிய சொந்தம். அதைக் கொல்லும் மருந்து நம் அணுக்களையும் உரசிப் பார்க்கும். வெனிசுவேலாவின் ஓரினோகோ ஆற்றுப் பகுதி மண்ணிலிருந்து 1950-களில் கிடைத்த ஆம்போடெரிசின் உயிர்களைக் காத்ததோடு சிறுநீரகங்களையும் பதம் பார்த்தது. அதற்குச் சற்று முன், 1950-ல், எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரு பெண் விஞ்ஞானிகள், ஒருவர் நியூயார்க்கிலும் மற்றவர் ஆல்பனியிலும் இருந்துகொண்டு மண் மாதிரிகளையும் சாறுகளையும் தபாலில் பரிமாறியே நிஸ்டாடினைக் கண்டுபிடித்தார்கள். மனிதருக்குப் பாதுகாப்பான முதல் பூஞ்சைக்கொல்லி மருந்துகளில் ஒன்று அது. அதன் காப்புரிமையில் வந்த கோடிக்கணக்கான பணத்தை இருவரும் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல் ஆராய்ச்சிக்கே கொடுத்தார்கள். நம் பள்ளிப் பாடங்களில் இவர்கள் பெயர் இடம்பெற வேண்டும் என்பது என் ஆசை.

உலக சுகாதார நிறுவனம் பூஞ்சைகளுக்கென்று முதன்முதலாக ஒரு முன்னுரிமைப் பட்டியலை வெளியிட்டதே 2022 அக்டோபரில்தான். அதிலுள்ள 19-ல் மிக ஆபத்தான வரிசையில் நான்கு. ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் அதில் ஒன்று, புறா எச்சத்தில் வளரும் கிரிப்டோகாக்கஸ் இன்னொன்று. வயலில் பயிருக்கு அடிக்கும் பூஞ்சைக்கொல்லிகளில் ஒரு வகை, நோயாளிக்குத் தரும் வோரிகோனசோல், இட்ரகோனசோல் போன்ற அசோல் மருந்துகளின் இனம்தான். அதனால், அந்த மருந்தை ஒருமுறைகூடச் சாப்பிடாதவரின் நுரையீரலிலும் மருந்துக்கு மசியாத ஆஸ்பெர்ஜில்லஸ் கிடைக்கிறது. நெதர்லாந்தில் முதலில் கவனித்தார்கள், இந்தியாவிலும் கண்டிருக்கிறார்கள். வேளாண்மைத் துறையும் சுகாதாரத் துறையும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது. நாம் தொடர்ந்து எழுதுவோம்.

வீட்டில் இப்படிப்பட்ட நோயாளி இருந்தால் செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. எருக் கலப்பதும், வைக்கோல் உதறுவதும், பரணைத் தட்டிச் சுத்தம் செய்வதும், பழைய சுவரைச் சுரண்டி வெள்ளையடிப்பதும் வேறு யாராவது செய்யட்டும். அவர் அந்த நேரத்தில் அந்த அறையில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் கட்டட வேலை நடந்தால் வெளியே போகும்போது என்95 முகக்கவசம் போடட்டும். ஈரம் கசியும் சுவரைப் பெயிண்டால் மறைக்காமல் கசிவை அடைக்கவும். பால்கனியில் புறா அடையவிட வேண்டாம். பீடி சிகரெட் வீட்டுக்குள் கூடவே கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆஸ்பெர்ஜில்லஸும் மியூகரும் ஒருவரின் இருமலிலிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதில்லை. தனித் தட்டு, தனி டம்ளர், பேரப்பிள்ளையைக் கிட்டே விடாமை இவற்றால் நோயாளி படும் வேதனை கொஞ்சமல்ல. பக்கத்தில் உட்காருங்கள், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எப்போதாவது காசநோய் வந்திருந்ததா, சர்க்கரை எவ்வளவு, ஸ்டீராய்டு எந்த அளவில் எத்தனை நாளாக, கீமோவோ உறுப்பு மாற்றமோ நடந்ததா, கடைசியாகப் போட்ட ஆன்டிபயாடிக் எது. நாலு நாள் மருந்து ஏறியும் காய்ச்சல் இறங்கவில்லை என்றாலோ, சளியில் காசநோய்க் கிருமி இல்லாமல் ரத்தம் மட்டும் வருகிறது என்றாலோ, மருத்துவர் என்ன நினைப்பாரோ என்று தயங்காமல், மரியாதையோடு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “இது பூஞ்சையாக இருக்குமா, டாக்டர்?” நல்ல மருத்துவர் எவரும் அந்தக் கேள்விக்காகக் கோபிக்க மாட்டார். இந்தப் பக்கத்தைக் கத்தரித்து, வீட்டில் அப்படியொருவர் இருக்கும் உங்கள் உறவினருக்கோ அண்டை வீட்டாருக்கோ கொடுத்து உதவுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்